கதவு வழியாகப் போகாத மேசை

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய சரிபார்ப்பாளர் அவர்களுக்கு,

நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆதாரம் எதுவும் வந்து சேரவில்லை என்றாலும் நம்புகிறேன்.

ஆங்கிலத் துணைவினைகள் கையேட்டில் ‘மஸ்ட்’ முடிந்துவிட்டது. பத்தே நாள். கட்டாயத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இப்போது ‘வுட்’ தொடங்கியிருக்கிறேன். முதல் தாள் இத்துடன் இருக்கிறது. பதிப்பாசிரியர் முற்றுப்புள்ளி ஏப்ரல் கடைசிவரை கெடு கொடுத்திருக்கிறார். தொலைபேசியில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயரை வைத்தது தாங்கள்தான். இப்போது அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாராம்.

‘வுட்’ சின்ன வினை என்று நினைத்துக் கெடு வைத்திருக்கிறார். அது அப்படியில்லை. பணிவாக ஒன்றைக் கேட்கும்போது வருகிறது. முன்பு வழக்கமாகச் செய்து இப்போது செய்யாமல் விட்டதைச் சொல்லும்போது வருகிறது. நடக்காத ஒன்று நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஏங்கும்போது வருகிறது. மறுப்பதற்கும் அதுதான். மனிதர் மறுத்தால் மட்டுமல்ல, கதவு திறக்க மறுத்தாலும் அதே வினை. கதவுக்கும் ஒரு விருப்பம் உண்டு என்று ஒரு மொழியே சேர்ந்து நம்பியிருக்கிறது. நம் குளியலறைக் கதவைத் தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ஒவ்வொரு தாளோடும் விதியை எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆகவே: எடுத்துக்காட்டு வாக்கியங்களில் உண்மையான எவருடைய வாழ்க்கையும் வரக்கூடாது. வந்தால் சரிபார்ப்பாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் ‘சொந்த விஷயம்’ என்று எழுத வேண்டும். எனக்கு முன்பு, வாடகை வீட்டில் குடியிருந்த தொகுப்பாளர் ‘மஸ்ட்’ பகுதியில், “எங்கள் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும்” என்று எழுதியதும், அந்த வீட்டுக்காரரின் மகள் அதே புத்தகத்தில் படித்து அப்பாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டியதும் தாங்கள் அறிந்ததே. இரண்டாம் பதிப்பில் வீட்டுக்காரர் அரசராக்கப்பட்டார்.

அங்கே மூடுபனி விலகிவிட்டதா?

இப்படிக்கு,
தொகுப்பாளர்

பி.கு.: சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. இது தகவல் மட்டுமே.


பிப்ரவரி 12

அன்புள்ள தொகுப்பாளருக்கு,

தாள் கிடைத்தது. இருபது வாக்கியங்களில் இரண்டுக்கு வட்டம் போட்டிருக்கிறேன்.

ஒன்று: “அவர் வீடு திரும்பும்வரை அவள் வாசல் விளக்கை அணைக்க மாட்டாள்.” சொந்த விஷயம்.

இரண்டு: “அந்த மேசை கதவு வழியாகப் போக மறுத்தது.” சொந்த விஷயம். இதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன். உண்மையா என்று ஒருமுறை பார்த்துவிடவும்.

மூடுபனி விலகவில்லை. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என மூன்று வேளை ஆற்றுப் படித்துறைக்குப் போய், தண்ணீரில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து எழுதுகிறேன். காலையில் ஆறு தெரிவதே இல்லை. வெள்ளையாக ஒன்றுமில்லாத இடத்தில் அளவுகோல் மட்டும் நிற்கும், அதில் எண் தெரியும். எண் தெரிந்தால் போதும். ஆறு எங்கே என்று கேட்கும் பத்தி எங்கள் படிவத்தில் இல்லை. உங்கள் வேலை நடக்காததை எழுதுவது, என் வேலை இருப்பதை எழுதுவது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படிப் பத்தொன்பது வருஷம் இருந்தோம் என்று சில நாள் அளவுகோலைப் பார்த்துக்கொண்டே யோசிப்பேன். அதற்குள் தண்ணீர் ஒரு கோடு ஏறிவிடும்.

ஒரு செய்தி. இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகிறது அல்லவா, தற்காலிகப் பணி என்று இதற்கு மேல் நீட்ட முடியாதாம். இங்கேயே நிரந்தரமாக இருக்கிறேனா, பழைய அலுவலகத்துக்குத் திரும்புகிறேனா என்று ஏப்ரல் முப்பதுக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதவும். அதற்கு வட்டம் போட மாட்டேன்.

அன்புடன்,
சரிபார்ப்பாளர்

பி.கு.: குழாயின் திருகை இடப்பக்கம் முழுவதும் திருப்பி, பிறகு பாதி வலப்பக்கம் திருப்பவும். போன வருஷமும் இதையே எழுதினேன்.


பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய சரிபார்ப்பாளர் அவர்களுக்கு,

குழாய் நின்றது. நன்றி.

பணி விஷயம்: தாங்கள் எந்த முடிவை எடுத்தாலும் அது யோசித்து எடுத்த முடிவாகவே இருக்கும். அதில் நான் குறுக்கிடுவது முறையல்ல.

மேசை வாக்கியத்தைப் பற்றி ஒரு விளக்கம். அது எந்த மேசையும் அல்ல. பொதுவான மேசை. உலகத்தில் கதவைவிடப் பெரிய மேசைகள் நிறைய இருக்கும். நம் வீட்டு மேசையும் அப்படி இருப்பது தற்செயல். தச்சர் அறைக்குள்ளேயே உட்கார்ந்து செய்தது அது. அகலம் மூன்றடி, உயரம் இரண்டரை. கதவு இரண்டேகால். இது கணக்கு. கணக்கில் சொந்த விஷயம் என்ன இருக்கிறது?

அக்கா வந்திருந்தாள். வந்ததும் எல்லா அறையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “அவ எப்படா வரா?” என்றாள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். யார் முடிவு செய்ய வேண்டும் என்றாள். அலுவலகம் என்றேன். “உன் கல்யாணத்த அலுவலகமாடா நடத்துது?” என்று கேட்டுவிட்டு, மேசையில் கொஞ்சம் இடம் பண்ணி உட்கார்ந்து, நான் எழுதி வைத்திருந்த தாளை எடுத்து வாசித்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. வாசித்து முடித்து, “பொண்டாட்டி போயிட்டா, மேச இருக்கு. நல்ல குடும்பம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். தம்பி வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகலாம். அதுவும் செய்யவில்லை.

இரண்டாம் தாள் இத்துடன். முன்பு வழக்கமாக நடந்தவற்றுக்கான பன்னிரண்டு வாக்கியங்கள். எல்லாமே கற்பனை.

இப்படிக்கு,
தொகுப்பாளர்


மார்ச் 2

அன்புள்ள தொகுப்பாளருக்கு,

பன்னிரண்டில் பதினொன்றுக்கு வட்டம் போட்டிருக்கிறேன். தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கோ அம்மை வார்த்த மாதிரி இருக்கிறது.

“மழை வரும் முன்பே அவள் துணிகளை எடுத்துவிடுவாள்.” “அவர் தேநீரை ஆறவிட்டுவிட்டு, ஆறிவிட்டதே என்று வியப்பார்.” “அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடும்போதெல்லாம் அவள் ஒன்றும் பேசாமல் அவர் நெற்றியைப் பார்ப்பாள்.” இவை எல்லாம் கற்பனை என்றால், கற்பனைக்கு நம் வீட்டுச் சாவி எப்படிக் கிடைத்தது?

தேறியது ஒன்றுதான். “அந்தக் குதிரை தினமும் ஆற்றங்கரைவரை நடக்கும்.” நம்மிடம் குதிரை இல்லாததால் விட்டுவிட்டேன்.

கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால், பகல் அளவு எடுத்துவிட்டு வந்து சன்னல் ஓரம் உட்கார்ந்து தாளை மூன்று முறை வாசித்தேன். வெளியே பனி இறங்கி, தண்ணீரும் வானமும் ஒரே துணியாக விரிந்திருந்தது. வாசிக்க வாசிக்க அந்த வீடு இங்கேயே எங்கோ பனிக்குப் பின்னால் இருப்பது போலவும், நான் எழுந்து நாலடி நடந்தால் துணிக்கொடியில் கை படும் என்பது போலவும் தோன்றியது. பிறகு படகு ஒன்று ஊதியது. மாலை ஆறு மணிக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைவு.

நீங்கள் இவ்வளவு பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மாற்றல் கடிதம் வந்த அன்று சமையலறையில் நான் ஒன்று கேட்டேன். கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, “நீங்களும் வாங்களேன். உங்க வேலைய எங்க உக்காந்தும் செய்யலாமே” என்றேன். நீங்கள் துணியால் கோப்பையைத் துடைத்தபடி, “வந்திருப்பேன். இந்த மேச கதவு வழியாப் போகாதே” என்றீர்கள். நான் சிரித்தேன். நகைச்சுவை என்று நினைத்தேன். வண்டி ஏறி மூன்றாவது நிலையம் தாண்டிய பிறகுதான், அதுவே பதில் என்று புரிந்தது.

ஏப்ரல் முப்பது. நினைவிருக்கட்டும்.

அன்புடன்,
சரிபார்ப்பாளர்


மார்ச் 15

மதிப்பிற்குரிய சரிபார்ப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. பகல் இரண்டு மணி இருக்கும். கனவில் தங்கள் ஆறு வீட்டுக்குள் வந்திருந்தது. சத்தமில்லாமல், விருந்தாளி போல, காலணியைக் கழற்றிவிட்டு வந்த மாதிரி. முதலில் நாற்காலிக் கால்கள் நனைந்தன. பிறகு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த அகராதிகள் ஒவ்வொன்றாக எழுந்து மிதந்தன. நான் மேசைமேல் ஏறி உட்கார்ந்தேன். மேசை மெல்ல அசைந்து, திரும்பி, கதவு வழியாகச் சுலபமாக வெளியே போய்விட்டது. இடிக்கவே இல்லை. கனவுக்கு அளவெடுக்கத் தெரியாது.

விழித்தபோது முற்றுப்புள்ளி தொலைபேசியில் இருந்தார். “எங்கே?” என்றார். ‘வுட்’ எங்கே என்று கேட்கிறார். வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

மூன்றாம் தாள் இத்துடன். நடக்காதவை. தாங்களே வட்டம் போடும் சிரமம் வேண்டாம் என்று ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நானே போட்டுவிட்டேன்: “அன்று அவன் வேறு பதில் சொல்லியிருந்தால், கழுவ இன்று இரண்டு கோப்பைகள் இருந்திருக்கும்.”

தங்கள் பணி குறித்து யோசித்தேன். தாங்கள் பழைய அலுவலகத்துக்கே திரும்பி வருவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் எதுவும் இருக்காது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். மாறாக, மகிழ்ச்சியாகவும் இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
தொகுப்பாளர்


மார்ச் 24

அன்புள்ள தொகுப்பாளருக்கு,

ஆட்சேபம் இல்லை என்ற சான்றிதழ் கிடைத்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு மாடிகூடக் கட்டலாம்.

கேலி செய்யவில்லை. உங்களுக்கு அந்த வரியை எழுத இரண்டு நாள் ஆகியிருக்கும், எனக்குத் தெரியும். ‘மகிழ்ச்சியாகவும்’ என்ற இடத்தில் மை கொஞ்சம் பரவியிருக்கிறது. பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் வந்திருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. வீடு சின்னதுதான். ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை, படித்துறைக்கு இறங்கும் பதினேழு படிகள். தண்ணீர் ஏறும் நாட்களில் பதினான்கு. காலையில் கதவைத் திறந்தால் பனி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இது வேறு யாரோ வீடு என்பது போல் திரும்பிப் போகும். என் அளவுகளைத் தலைமை அலுவலகத்தில் ஒருவர் வரைபடமாக வரைகிறாராம். பதினான்கு மாதமாக ஒரு புள்ளிகூடத் தவறவில்லை என்று எழுதியிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்திக்குத் தன் வேலையைப் பற்றி இப்படி ஒரு வரி வந்தால், அவள் அதைச் சமையலறையில் ஒட்டி வைப்பாள். வைத்திருக்கிறேன்.

மூன்றாம் தாளில் அவள் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று விதவிதமாக எழுதியிருக்கிறீர்கள். அவள் வந்தால் விளக்கு எரியும், அவள் வந்தால் தேநீர் ஆறாது. அவன் கிளம்பிப் போனால் என்ன ஆகும் என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. இதை விடுபட்ட பயன்பாடாகக் குறித்துக்கொள்ளவும்.

மேசை வாக்கியத்துக்குப் போட்ட கேள்விக்குறிக்கு இன்னும் பதில் வரவில்லை.

அன்புடன்,
சரிபார்ப்பாளர்


ஏப்ரல் 18

அன்புள்ள தொகுப்பாளருக்கு,

மூன்று வாரமாகத் தாளும் இல்லை, கடிதமும் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். அவர்மேல் தப்பில்லை.

இன்று காலை நிரந்தரமாக இருக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மிரட்டல் இல்லை, வருத்தமும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் தண்ணீர் ஏறும் என்று நினைத்து எழுத மாட்டோம், இறங்கக் கூடாதே என்று எழுத மாட்டோம். எது இருக்கிறதோ அதை எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போடுவோம்.

அதே மாதிரி இன்னும் ஓர் அளவு. பெரிய அறையில் ஆற்றைப் பார்த்த சன்னலுக்குக் கீழே, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, சுவர் ஐந்தடி. அங்கே எந்தச் சாமானும் இல்லை. பதினாறு மாதமாக இல்லை. எதற்காகவும் சொல்லவில்லை. அளவுதான்.

அன்புடன்,
நான்


ஏப்ரல் 27

அன்புள்ள உனக்கு,

இத்தனை வாரம் ஏன் எழுதவில்லை என்று சொல்லிவிடுகிறேன். விடுபட்ட பயன்பாட்டுக்கு ஒரு வாக்கியம் எழுதப் பார்த்தேன். ‘அவன் கிளம்பிப் போனால்’ என்று தொடங்கும். அதற்கு மேல் வரவில்லை. தாள் தாளாகக் கிழித்தேன். முப்பது வருஷமாக நடக்காததை எழுதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இந்த ஒன்று நடப்பதாக எழுத வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதனால் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழகிய வேலை.

உன் கடிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்பதை வாசித்தபோது கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஐந்தடி என்பதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகு தையல் பெட்டியிலிருந்து உன் நாடாவை எடுத்து வந்து மேசையை அளந்தேன். அகலமும் உயரமும் தெரியும். நீளத்தை இதுவரை அளந்ததில்லை. எங்கும் போகாத பொருளின் நீளம் யாருக்கு வேண்டும்? நாலே முக்கால் அடி.

நாடா கைதவறி மேசைக்கு அடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக மேசையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நான்கு மூலையிலும் ஒவ்வொரு போல்ட்.

மேல்வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டு வந்தேன். இந்த மேசையைச் செய்தவர் இல்லை, வேறொருவர். தரையில் படுத்துப் பார்த்துவிட்டு, “சார், இது கழட்டிப் பூட்டற மேசதான். நாலு போல்ட்டு. கழட்டணுமா?” என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்றேன். “நீங்க பேசிட்டே இருந்தா அரை மணி. சும்மா இருந்தா பத்து நிமிஷம்” என்றார். சும்மா இருந்தேன். பதினொரு நிமிஷம் ஆனது. ஒரு போல்ட்டில் துரு.

பலகையைச் சாய்த்துப் பிடித்து இரண்டு பேருமாகக் கதவு வழியாக வெளியே கொண்டுபோய் நடையில் வைத்தோம். இடிக்கவே இல்லை. அவர், “எங்க சார் கொண்டு போறீங்க?” என்று கேட்டார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு மேலே போய்விட்டார். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அவர் இன்னும் கொஞ்சம் வியந்திருக்கலாம்.

அவர் போன பிறகு, மேசை இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே தரையில் தூசி இல்லை என்பதைக் கவனித்தேன். அதாவது, பதினாறு மாதத் தூசி இருந்தது. அதற்கு முந்தையது இல்லை. பதினேழரை வருஷம் நீ தினமும் அதன் அடியில் குனிந்து பெருக்கியிருக்கிறாய். அந்த நான்கு போல்ட்டும் உன் தலைக்கு மேலே இருந்தன. சமையலறையில் என் பதிலைக் கேட்டுச் சிரித்தபோது உனக்குத் தெரியும். கேள்விக்குறி போட்டபோதும் தெரியும். சொல்லியிருக்கலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நீ சொல்லி நான் கழற்றியிருந்தால், அந்த வாரமே கதவில் வேறு குறை கண்டுபிடித்திருப்பேன்.

ஆகவே முதல் தாளில் உள்ள மேசை வாக்கியத்தை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அது சொந்த விஷயம் என்பதோடு, பொய். முற்றுப்புள்ளியிடம் சொல்லிவிட்டேன். மாற்று வாக்கியம் இருக்கிறதா என்று கேட்க நினைத்திருப்பார், “மாற்று?” என்றார். குதிரை என்றேன். குதிரை நடக்க மறுத்ததாகப் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. மீதியை அங்கிருந்தே அனுப்புகிறேன் என்றதும் வழக்கத்துக்கு மாறாக இரண்டு வார்த்தை பேசினார். “சந்தோஷம், போங்க.”

அக்காவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று. அவள் காபி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மே மாதம் ஐந்தாம் தேதி பகல் வண்டி. கால் நான்கு, பலகை ஒன்று, அகராதி ஆறு, நான். சுவர் ஐந்தடி என்றால் மூன்று அங்குலம் மிச்சம் இருக்கும். அதில் உன் நாற்காலி நிற்காது என்பதால் அதை எனக்கு எதிரே, சன்னல் பக்கம் போட வேண்டிவரும். அப்போது நீ எழுதும்போது எனக்கு ஆறு தெரியாது, நீதான் தெரிவாய். அதற்குச் சம்மதமா?

நான் வரட்டுமா? இந்த ஒரு வரியை எந்தத் தாளிலும் சேர்க்காமல் எழுதுகிறேன்.

நான்


மே 1

உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதிப்படி சரிபார்த்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனித்தனியாகப் போட ஆரம்பித்து, முதல் பக்கம் முடிவதற்குள் கை வலித்ததால், ‘அன்புள்ள உனக்கு’விலிருந்து ‘நான்’வரை எல்லாப் பக்கங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பி, சுற்றிலும் ஒரே வட்டமாகப் போட்டுவிட்டேன். ஓரத்தில் எழுத வேண்டியதையும் எழுதியிருக்கிறேன்.

இங்கே வாசல் கதவு மூன்றடி. பகல் பன்னிரண்டு மணி அளவின்போது பனி இல்லை, மறுகரை தெரிந்தது.

சிவப்பு மை தீர்ந்துவிட்டது. வரும்போது ஒரு புட்டி வாங்கி வாருங்கள்.